அம்மாவை வரச் சொல்லுங்க

மூன்று வயதுப் பெண்ணை அங்கன்வாடியில் சேர்ப்பது அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் அன்று காலை கிளம்பினேன். பிள்ளையை உட்கார வைத்துவிட்டுப் பத்து மணிக்குள் வயலுக்கு வந்துவிடுவேன் என்று நடவு ஆட்களிடம் வேறு வீராப்பாகச் சொல்லியிருந்தேன். என்னை மாதிரி ஆள்தான் இப்படியெல்லாம் நம்புவான்.

என் மனைவி நர்ஸ். பொங்கல் முடிந்த கையோடு குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாள். நான் திருவிடைமருதூர் பக்கத்தில் குத்தகைக்கு நிலம் எடுத்து விவசாயம் பார்க்கிறேன். வீட்டில் நானும் பாப்பாவும் மட்டும்தான். கோடையில் வயலில் வேலை இல்லை, எப்படியோ ஓட்டிவிட்டேன். ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை நடவு ஆரம்பித்ததும்தான் எனக்குக் கண்ணைக் கட்டியது.

முதல் நாள் நடவில் அவளை வரப்பு ஓரம் புங்க மரத்தடியில் உட்கார வைத்து, கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு நாற்றுக் கட்டுகளை வீசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பிஸ்கட் இருக்கிறது, பிள்ளையைக் காணோம். வாய்க்கால் மதகுச் சுவரில் உட்கார்ந்து இரண்டு காலையும் ஓடுகிற தண்ணீரில் விட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். கத்தினால் பயந்து உள்ளே விழுந்துவிடுவாள் என்று சத்தம் காட்டாமல் போய்த் தூக்கினேன். அன்று முழுக்க நாற்றை வீசுவதும் அவளைத் திரும்பிப் பார்ப்பதுமாகவே போனது. மனைவியிடம் சொல்லவில்லை, சொன்னால் அடுத்த விமானத்தில் வந்து நிற்பாள். மறுநாள் காலைதான் அங்கன்வாடிக்குக் கிளம்பினேன்.

அங்கன்வாடி எங்கள் தெருக்கோடியில் இருக்கிறது. சுவரில் மாம்பழம், ரயில், பச்சை நிறத்தில் ஒரு யானை. டீச்சர் இல்லை. சமைக்கிற ஆயா மட்டும் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"டீச்சர் மீட்டிங் போயிருக்காங்க தம்பி. நாளைக்கு வாங்க. பாப்பாவோட அம்மாவையும் வரச் சொல்லுங்க."

"அவங்க குவைத்துல இருக்காங்க."

"அப்ப அவங்க வந்தப்பறம் வாங்களேன்."

மனைவிக்கு இரண்டு வருட ஒப்பந்தம். அவள் வந்து சேர்வதற்குள் பாப்பா ஒன்றாம் வகுப்புக்கே போய்விடுவாள் என்றேன். ஆயா அதற்கும் தலையாட்டினார்.

மறுநாள் டீச்சருக்கு வாக்காளர் பட்டியல் வேலை. அதற்கு மறுநாள் தடுப்பூசி முகாம். அரசாங்கத்துக்கு எந்த வேலைக்கு ஆள் தேவைப்பட்டாலும் எங்கள் டீச்சர் ஞாபகம்தான் வரும் போலிருக்கிறது. பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று மனசு சொன்னது. ஆனாலும் வாசலில் நின்று பல்லைக் கடித்தேன். அந்த நாட்களில் என் துண்டால் பாப்பாவின் இடுப்பையும் புங்க மரத்தையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிட்டு வேலை பார்த்தேன். நடவுக்கு வந்த பெண்கள் என்னைத் திட்டாத திட்டு இல்லை.

"ஆட்டுக்குட்டியா அது? அவ அம்மா இருந்தா இப்படி விடுவாளா?" என்றார் ஒருவர், இடுப்பை நிமிர்த்தாமலே.

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது சரிதான்.

ஒருவழியாக டீச்சர் கிடைத்தார். நல்ல மனுஷிதான். பாப்பாவின் கன்னத்தைக் கிள்ளினார், நிறுத்து எடை பார்த்தார். பிறகு போனில் அங்கன்வாடிச் செயலியைத் திறந்து எதையோ தட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பாப்பா ஏற்கனவே அங்கன்வாடியிலதான் இருக்கா தம்பி. கூத்தாநல்லூர் பக்கம்."

அது என் மனைவியின் ஊர். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போனவள் அங்கேயே சத்துமாவு வாங்கப் பெயரைக் கொடுத்திருக்கிறாள்; பிள்ளை பிறந்ததும் அதன் பெயரையும் அங்கேயே சேர்த்துவிட்டார்கள். ஊர் உலகத்தில் எல்லாப் பெண்ணும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குத்தான் போகிறாள். அந்தச் செயலியைச் செய்தவனுக்கு அக்கா தங்கையே கிடையாதா என்று கேட்டேன். டீச்சர் சிரித்தார். அங்கே பெயரை விடுவித்தால்தான் இங்கே எடுக்க முடியும் என்பதில் மட்டும் மாற்றமில்லை.

மாமனார் வீட்டுக்குப் போன் செய்து முடித்துவிடலாம் என்றால் அங்கே பூட்டு தொங்குகிறது. மச்சான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேரும் சென்னைக்குப் போய்விட்டார்கள். எனவே நடவை நடுவில் விட்டுவிட்டு, பாப்பாவை வண்டியின் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு நானே போனேன். வழியெல்லாம் அவள் எருமைகளுக்கு டாட்டா காட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு இது டூர்.

அந்த ஊர் டீச்சரும் முதலில் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அம்மா வரலையா சார்?"

விவரம் சொன்னேன். பரவாயில்லை, அம்மாவின் நம்பருக்கு ஓடிபி போகும், அதைச் சொன்னால் போதும் என்றார். எனக்கு உயிர் வந்தது; ஊர் சிம்மை அவள் அங்கேயும் போனில் போட்டுத்தான் வைத்திருந்தாள். குவைத்துக்குக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. டியூட்டியில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்று அவள் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. டீச்சர் அனுப்ப, அது காலாவதியாக, மறுபடி அனுப்ப, மறுபடி காலாவதியாக, மத்தியானம் வரை இதே கதை. கடைசியில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"பெத்த அப்பன் நான் கண்ணு முன்னாடி நிக்கிறேன். பிள்ளை என் கையில இருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சிங்க வேணும் உங்களுக்கு?"

டீச்சர் கோபப்படவில்லை. போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "அப்பா பேருக்கும் இடம் இருக்கு சார், பாருங்க. ஆனா அதுக்கு ஓடிபி வராது."

நாளைக்கு அவளை போனுடன் இருக்கச் சொல்லுங்கள் என்றார். நான் எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டேன்.

"நீங்க எதுக்கு சார் வரணும்? அம்மா லைன்ல இருந்தா போதும்."

மறுநாள் என் மனைவி தலைமை நர்ஸிடம் கெஞ்சி போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மருந்து அறையில் நின்றபடி எண்ணைச் சொன்னாள். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. நான் சேற்றில் நின்றுகொண்டு அந்தச் செய்தியைக் கேட்டேன். சந்தோஷப்படுவதற்குப் பதிலாக எரிச்சல்தான் வந்தது.

அடுத்த நாள் பாப்பாவைக் குளிப்பாட்டி, கோணல் வகிடெடுத்து, இரண்டு குடுமி போட்டுக் கூட்டிப்போனேன். வாசலில் ஒரு பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான். இவள் என் விரலை விட்டுவிட்டு உள்ளே போனாள், ஒரு பிள்ளையின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், அதன் கையிலிருந்த பிளாஸ்டிக் யானையைப் பிடுங்கினாள். நான் ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். ஆயா வந்து, அழுதால் கூப்பிடுகிறேன், போங்க என்றார். போன் வரவே இல்லை. அன்று நாள் முழுக்க நான் வாய்க்கால் பக்கம் திரும்பிப் பார்க்காமல் வேலை செய்தேன். அப்படியொரு நிம்மதியை அந்த வருடத்தில் நான் அனுபவித்ததில்லை.

சாயங்காலம் மனைவி கூப்பிட்டாள்.

"அழுதாளா?"

"ஒரு சொட்டு அழலை. உள்ள போனவ என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலை."

"சாப்பிட்டாளா?"

"முட்டை முழுசும் தின்னாளாம். தூங்கி எந்திரிச்சாளாம். ஆயாவே ஆச்சரியப்படுறாங்க."

"என்னைக் கேட்டாளா?"

யோசித்துப் பார்த்தேன். அந்த ஒரு வாரமாக ஆயா, இரண்டு டீச்சர், நடவுப் பெண்கள் என்று பார்த்தவர்கள் எல்லாரும் அம்மாவைத்தான் கேட்டார்கள். பாப்பா மட்டும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நான் அதைப் பெருமையாகவே சொன்னேன்.

"கேக்கவே இல்லை. நல்லா பழகிட்டா. நீ ஒண்ணும் கவலைப்படாத."

லைன் போய்விட்டதோ என்று இரண்டு முறை ஹலோ சொன்னேன். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"ஊர்ல எல்லார்கிட்டயும் சண்டை போடத் தெரியுது. கேட்டாள்னு என்கிட்ட ஒரு பொய் சொல்லத் தெரியலையே உங்களுக்கு."