சுகிர்தம் எழுந்திருக்கவில்லை

தேனி கடைவீதியில் ஜாக்கெட் துணி எடுத்தவர்களுக்குச் சுகிர்தத்தைத் தெரிந்திருக்கும். சேலையையும் துணியையும் அள்ளிக்கொண்டு, வந்தவரைத் தெரு வெயிலுக்கே இழுத்துப் போவார். நிறம் சேருகிறதா என்று அங்கே பார்த்த பிறகுதான் கத்தரி. வெட்டிவிட்டால், கர்த்தரே கேட்டாலும் திரும்ப வாங்கமாட்டார். கல்லாவுக்கு மேல் அப்படியொரு பலகையே தொங்குகிறது.

சென்ற ஆண்டு அவர் கழுத்தில், தைராய்டில், ஒரு கட்டி. கேன்சரா என்று அறிய ஊசி குத்தி செல் எடுக்க வேண்டும். புதிதாகத் திறந்த தனியார் பரிசோதனை நிலையத்துக்குப் போனார். எடுத்ததைக் கண்ணாடி ஸ்லைடில் தடவுவார்கள்; அதை ஸ்கேனர் படமாக்கும். மதுரையிலிருந்து டாக்டர் அனுசுயா அந்தப் படத்தைப் பார்ப்பார். வாசலில் ‘அதிவேகம்’ என்று எழுதியிருந்தார்கள். உண்மைதான், குத்திக்கொண்டவரை அதிவேகமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். ஸ்கேனரை மட்டும் ஸ்லைடு அடுக்கும் தட்டு நிறைந்த பிறகே ஓட்டினார்கள். மெஷின் வீணாகக் கூடாதல்லவா? பிறகு நிதானமாக ரிப்போர்ட் வரும்: ‘செல் போதவில்லை. மீண்டும் எடுக்கவும்.’

இரண்டு முறை அப்படியே வந்தது. அதற்குள் சுகிர்தம், எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று மகளுக்குச் சொல்லிவைத்துவிட்டார்.

மூன்றாவது ஊசி முடிந்து பஞ்சு ஒட்டியாயிற்று. சுகிர்தம் நாற்காலியை விட்டு எழவில்லை.

“போலாம்க்கா,” என்றாள் டெக்னீஷியன் மாரீஸ்வரி.

“செல்லு இருக்கான்னு பாத்துச் சொல்லு, போறேன்.”

“சாயந்தரம் தட்டு நெறஞ்சதும் மொத்தமா ஓட்டுவோம்க்கா.”

“ஏத்தா, இதென்ன குமுளி ஜீப்பா, ஆளு நெறஞ்சாத்தான் எடுப்பேங்கிறதுக்கு?”

மேனேஜர் ராஜபாண்டி ஓடி வந்தார். “ஒத்த ஸ்லைடுக்கு ஓட்டுனா எஃபிஷியன்சி என்னம்மா ஆகுறது?”

“மெஷினுக்கு எஃபிஷியன்சி, எங்கழுத்துக்கு ஓட்டையா? நல்லா இருக்கு தம்பி. ஜாக்கெட் பிட்டவே வெளிச்சத்துல காட்டித்தான் வெட்டுறேன் நானு. அதுக்கு இருக்குற மருவாதி மனுசி கழுத்துக்கு இல்லையா?”

காத்திருந்தவர்கள் கதவருகே கூடிவிட்டார்கள். ராஜபாண்டி கையசைத்தார். ஸ்லைடு சாயத்தில் முங்கி, ஸ்கேனருக்குள் தனியாகப் போனது. மாரீஸ்வரியின் போனில் அனுசுயா பேசினார்.

“வெறும் ரத்தமா இருக்கு. அவங்க போயிட்டாங்களா?”

“இல்ல மேடம், எந்திரிக்க மாட்டேங்குறாக.”

“நல்லதாப் போச்சு. உடனே இன்னொண்ணு எடுங்க.”

எடுத்தார்கள். “இது போதும்,” என்றார் அனுசுயா. ஒரு டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்தது. இப்படி உடனுக்குடன் பார்க்கத்தான் அனுசுயா அந்த மெஷினையே வாங்கச் சொன்னாராம்.

ரிப்போர்ட்டில் கேன்சர் இல்லை. “ஸ்தோத்திரம்,” என்று கண்ணை மூடிய சுகிர்தம், திறந்ததும் ராஜபாண்டியைப் பிடித்தார்.

“அப்ப மொத ரெண்டு ஊசிக்குக் குடுத்த காசு?”

“குத்துனத எப்பிடிம்மா திரும்ப எடுக்குறது?”

கடையில் பல வருடமாக அவரே சொல்லிவரும் பதில்தான். அது எத்தனை அநியாயமான பதில் என்று இப்போதுதான் உறைத்தது. பலகையைக் கழற்றுவார் என்று நினைக்க வேண்டாம், இன்னும் தொங்குகிறது.

வெளியே, கழுத்தைத் தடவியபடி தன் முறைக்குக் காத்திருந்த பெண்ணிடம் குனிந்தார்.

“குத்துனதும் எந்திரிச்சுராத தாயி. பாத்துச் சொல்ற வரைக்கும் அங்கனயே உக்காரு.”