மூன்றாவது லைன் எழுந்து நின்ற நாள்

பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு, நன்னிலத்துக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்த வெளிநாட்டு ஷூ கம்பெனியில், மூன்றாவது லைன் பெண்கள் அத்தனை பேரும் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். அந்த லைனுக்கு என் மகள்தான் சூப்பர்வைசர். அவளும் எழுந்துவிட்டாள் என்பதில்தான் சிக்கல்.

நடந்தது இவ்வளவுதான். தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் மயங்கிச் சரிந்தாள். எங்கள் பக்கத்தில் நடவின்போது ஒருத்திக்குத் தலைசுற்றினால் கையிலிருக்கும் நாற்று முடியைப் போட்டுவிட்டு எல்லோரும் வரப்பேறிவிடுவார்கள். அவள் தண்ணீர் குடித்துத் தெளிந்த பிறகுதான் மறுபடி வயலில் இறங்குவார்கள். அந்த லைனில் பாதிப் பேர் நேற்றுவரை நடவுக்குப் போனவர்கள். பழக்கம் கூடவே வந்துவிட்டது.

மேடம் அதை ஸ்ட்ரைக் என்று நினைத்தார். வெளிநாட்டிலிருந்து வந்த அதிகாரி. கெட்டவர் இல்லை. வந்த சில மாதங்களிலேயே தமிழ் கற்றுக்கொண்டு, கேன்டீனில் பெண்களோடு உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டவர். மயங்கிய பெண் சிறிது நேரத்தில் தெளிந்துவிட்டாள். ஆனாலும் லைனைக் கட்டுக்குள் வைக்கவேண்டியவளே எழுந்ததை மேடத்தால் ஏற்க முடியவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று என் மகளிடம் சொல்லிவிட்டார்.

அவள் அப்பா வளைகுடாவில் இருக்கிறார். அவளும் திருப்பூர் ஹாஸ்டலில் சில வருடங்கள் இருந்தாள். இந்தக் கம்பெனி வந்ததால்தான் வீடு திரும்பினாள். வேலை போனால் மறுபடி பெட்டி கட்டவேண்டும். நான் பள்ளி ஆசிரியை; பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்பவள். அன்றிரவு பரண்மேலிருந்த அவள் பெட்டியை நானே இறக்கி வைத்தேன்.

மறுநாள் காலை, என் மகளால் வந்த சிக்கலுக்காக லைன் பெண்களிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். மகளும் பின்னாலேயே வந்தாள். கம்பெனி பஸ் கதவைத் திறந்து நின்றது. ஒருவரும் ஏறவில்லை.

"ஏறுங்கம்மா, லேட்டானா என்னயத்தான் கேப்பாங்க" என்றார் டிரைவர்.

"பாப்பா இல்லாம நாங்க எப்படி ஏறுறது? அவசரம்னா நீ போயி தைச்சுட்டு வா" என்றார் என் மகளைக் காட்டி, லைனில் மூத்தவரான பெரியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இவளால உங்க வேலையும் போகணுமா? ஏறுங்க" என்று கெஞ்சினேன்.

"நீங்க சும்மா இருங்க டீச்சர். இது எங்க லைனு" என்றார் பெரியம்மா.

பஸ் காலியாகவே போனது. இதை எழுதும்போது கம்பெனியில் இரண்டாவது கட்டடம் எழுகிறது, எங்கள் தெருவிலேயே பலர் வேலைக்குப் போகிறார்கள். அன்று கம்பெனியே என் மகள் ஒருத்தியால் நின்றுவிடும் என்றே தோன்றியது.

வெயில் ஏறிய பிறகு ஒரு கார் வந்து நின்றது. மேடம் இறங்கினார். கலையாமல் நின்ற பெண்களை ஒரு முறை பார்த்தார். பிறகு என் மகளிடம் வந்தார்.

"வேலைக்கு வாங்க. எல்லாரும் வாங்க. ஆனா இனிமே ஒருத்தர் விழுந்தா, தூக்க ரெண்டு பேர் போதும்."