கட்டிலுக்கு அடியில் அம்மாவின் கைகள்

எங்கள் வீட்டில் போட்டோ கிடையாது. அம்மா எடுக்க விடமாட்டாள். உருவம் எடுப்பது கூடாது என்று சின்ன வயதில் யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள், கடைசிவரை அதிலேயே நின்றாள். செல்போனில் கேமரா வந்த புதிதில் நான் ஒருதரம் திருட்டுத்தனமாக நீட்டிப் பார்த்தேன். முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டு, "போடா பொறம்போக்கு" என்றாள். அவள் முகம் என்று இருந்ததெல்லாம் வாக்காளர் அட்டையில் ஒரு புகைமூட்டம்தான். "இது யார்றா?" என்று அவளே அதைப் பார்த்துக் கேட்பாள்.

தங்கச்சி ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். பெருங்களத்தூரில் ரயில் ஏறும்போது அவள் தூக்கிக்கொண்டு போகும் போர்டு அவளைவிட அகலமாக இருக்கும். வீட்டில் பார்த்து வரைய ஓர் ஆள் வேண்டும் என்றாள். அசையாமல் உட்காரக்கூடியவள் அம்மா ஒருத்திதான். இரண்டு பேரும் ஒரு வாரம் சண்டை போட்டார்கள். கடைசியில் அம்மாதான் இறங்கிவந்தாள்.

"மூஞ்சி வாணாம். கைய வேணா வரைஞ்சிக்கோ."

பூண்டு உரிக்கும் கை. தஸ்பீஹ் மணி உருட்டும் கை. நோன்புக் கஞ்சிக்கு அரிசி களையும் கை. அரிவாள்மனை வெட்டிய இடது கட்டைவிரல் தழும்போடு, ஒவ்வொன்றும் முறம் அகலத்துக்கு, முழுத் தாளில் கரியால் வரைந்தாள். இரண்டு வருஷத்தில் முப்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. அம்மா படத்தைப் பார்ப்பாள், தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "இம்மாம் சுருக்கமா கீது எனக்கு?" என்று தங்கச்சியைத்தான் கோபிப்பாள்.

இவ்வளவு பெரிய தாளை வைக்க எங்கள் வீட்டில் இடம் ஏது? சுருட்டினால் கரி உதிர்ந்தது. பீரோவுக்குப் பின்னால் நிறுத்தினால் முனை மடங்கியது. ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் தரையில் கிடந்த ஒன்றை நானே மிதித்துவிட்டேன். அவள் அழுத அழுகையைத் தெருவே கேட்டது. "ஒப்பாரி வைக்காதே, நானே ஒண்ணு செஞ்சு தரேன்" என்றேன்.

எனக்கு முடிச்சூர் ரோட்டில் டூவீலர் மெக்கானிக் ஷெட். அங்கே பழைய தடுப்பைப் பிரித்த பிளைவுட் சும்மா கிடந்தது. அதைத் தாளைவிட நாலு விரல் அகலமாக அறுத்தேன். ஓரத்துக்கு ரீப்பர் கட்டை அடித்து, இழுக்கிற மாதிரி மூன்று தட்டு. கைப்பிடிக்கு அறுந்துபோன கிளட்ச் வயர். அந்த அளவுக்கு வீட்டில் இருந்த ஒரே இடம் அம்மா படுக்கும் இரும்புக் கட்டிலின் அடி.

தங்கச்சி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "ண்ணா, கட்டைக்கு ஒண்ணும் பூசாதே. பெயின்ட் வாணாம், வார்னிஷ் வாணாம். பேப்பர் எல்லாத்தையும் இழுத்துக்கும்."

சரி சரி என்று தலையாட்டினேன். ஆனால் எங்கள் வீடு இருப்பது பீர்க்கன்கரணை ஏரிக்கரையில். கரையான் எங்களோடு வாடகை தராமல் குடித்தனம் நடத்தியது. பாத்ரூம் கதவு நிலை போனது, பீரோவின் கால் போனது. வெறும் பிளைவுட்டை உள்ளே வைத்தால் ஒரு மழைக்காலம் தாங்குமா? எங்கள் தெருவில் எல்லோரும் செய்வதுதான்: வண்டியிலிருந்து இறக்கிய பழைய என்ஜின் ஆயிலைக் கட்டைக்குப் பூசுவார்கள், கரையான் கிட்டே வராது. எங்கள் வீட்டுக்கு மட்டுமா, தெருவுக்கே அந்த ஆயில் என் ஷெட்டிலிருந்துதான் போகும். காலேஜ் போனால் கரையானைப் பற்றிக்கூடத் தெரிந்துவிடுமா இவளுக்கு என்று எனக்கு ஒரு திமிர். இரண்டு கை பூசினேன். மூன்று நாள் வெயிலில் போட்டேன். மேலே பிரௌன் பேப்பர் ஒட்டி, ஒன்றும் தெரியாதவன் போல வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தங்கச்சிக்குத் தலைகால் புரியவில்லை. தாள்களைக் குழந்தையைக் கிடத்துவது போல ஒவ்வொன்றாகக் கிடத்தினாள்.

அன்று சாயங்காலமே அம்மா என்னைக் கூப்பிட்டாள். "இன்னாடா, உன் ஷெட்டு என் கட்டிலுக்குக் கீழ வந்து படுத்துகினு கீது?"

"கரையானுக்கு லேசா ஆயில் தடவினேம்மா. தங்கச்சிகிட்ட சொல்லிடாதே. காட்டுக்கத்தல் கத்தும்."

அம்மா சிரித்தாள். "நான் ஏன் சொல்றேன்" என்றாள்.

அதற்கப்புறம் அம்மா உடம்பு முடியாமல் படுத்துவிட்டாள். தங்கச்சி வரைவதை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தாள். எட்டு மாதம் அந்தத் தட்டுகளை யாரும் இழுக்கவில்லை. அம்மா அவற்றின் மேலேயே படுத்திருந்தாள், ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கட்டிலிலேயே மவுத்தாகிப்போனாள்.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பியதும் தங்கச்சி கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ண்ணா, அம்மா கைய பாக்கணும்."

நான்தான் இழுத்தேன். முதல் தட்டில் பூண்டு உரிக்கும் கை இல்லை. தாள் முழுக்கப் பழுப்பாக எண்ணெய் ஊறி, கரிக்கோடு அதற்குள் முங்கிப்போயிருந்தது. இரண்டாவது தட்டும் அப்படியே. மூன்றாவதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்கவே வரவில்லை. அடுப்படியில் வடை வைத்த காகிதம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது என் அம்மாவின் கை. கரையான் மட்டும் ஒன்றுகூட இல்லை.

"ஆயில் பூசினேன்டி" என்றேன். "நீ வாணாம்னு சொல்லியும் பூசினேன்."

அவள் ஒட்டிக்கொண்ட தாள்களின் முனையை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"தட்டு வந்த ரெண்டாம் நாளே எனக்கு வாடை வந்துச்சுண்ணா. தட்ட இழுக்கப் போனேன். அம்மா கையப் புடிச்சுகிச்சு. 'அது உங்கண்ணன் சட்டை, தோய்க்க எடுத்துக் கீழ போட்டுகீறேன், வேலை செஞ்ச சட்டை நாறத்தான் செய்யும், அவனை ஒண்ணும் சொல்லாதே'ன்னுச்சு. நான் அப்புறம் பாக்கவே இல்ல."

ஐந்து வேளைத் தொழுகை விடாத என் அம்மா, போட்டோவுக்கு முகம் காட்டாத என் அம்மா, எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். நான்தான் மறைக்கச் சொன்னேன். தன் கை கீழே அழிந்துகொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது.

"திட்டுடி" என்றேன். "நாலு அறைகூட வுடு."

அவள் திட்டவில்லை. தாள்களை அதே தட்டுகளில் அதே வரிசையில் அடுக்கி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். அந்தத் திட்டை ஆயில் பூசிய அன்றைக்கே வாங்கியிருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். அம்மாவின் கை எங்களிடம் இருந்திருக்கும்.