நாற்பத்தைந்து நிமிஷ டேப்

பேக்கரி முழுக்க அவளுக்குப் பீப்பி அக்கா என்றுதான் பேர். காதில் எந்நேரமும் ஹெட்போன், அதற்குள் எந்நேரமும் ஒரு சாக்ஸபோன். ஒருநாள் அடுப்புக்காரர் அதைப் பிடுங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, எவனோ பீப்பி ஊதறான்!" என்று சொல்ல, அந்தப் பேர் பச்சை குத்தினமாதிரி ஒட்டிக்கொண்டது. பத்தொன்பது வருஷமாகப் பன் பிரிவு அவள் கையில். இதுவரை ஒரு டிரே கெட்டுப்போனது என்று யாரும் அவளைக் கை நீட்டிச் சொன்னதில்லை. அவளாக அதைச் சொல்லிக்கொள்ள மாட்டாள். நீங்கள் பேச்செடுத்தால் மட்டும் அரை மணி நேரம் நகர முடியாது.

அந்தச் சங்கீதம் அவளிடம் வந்ததே ஒரு கூத்து. மாடியில் குடியிருந்த கப்பல் சமையல்காரர் வீட்டைக் காலி செய்தபோது, மூன்று பெட்டி இசைத்தட்டுகளைத் தூக்க முடியாமல் அவள் வீட்டு வாசலிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார். வீணாய்ப் போவானேன் என்று ஒன்றை எடுத்து ஓடவிட்டாள். ஆர்கனும் கிடாரும் டிரம்ஸும் சேர்ந்து என்னமோ செய்தன. கையில் பிடித்த துடைப்பம் அப்படியே நின்றுவிட்டது. அட்டையில் சோல் ஜாஸ் என்று போட்டிருந்தது. ஜாஸ்தான், ஆனால் மூளையைக் கசக்கிக்கொண்டு கேட்கிற ஜாஸ் இல்லை. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சமையலறை ஸ்டூலில் வந்து உட்கார்ந்து தாளம் தட்டுகிற ஜாஸ்.

அவளுக்கு ஒரே ஒரு குறை. தான் கேட்கிறதை இன்னொருத்தர் கேட்டுவிட்டு, நல்லா இருக்கே என்று வாயாரச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் சொல்லத்தான் செய்வார். அவர் அதே பேக்கரியில் வேன் ஓட்டுகிறவர். புதுச் செருப்பைக் காட்டினாலும் அதே குரலில் அதே "நல்லாத்தான் இருக்கு"தான். அதையெல்லாம் கணக்கில் சேர்க்க முடியுமா?

இப்படி இருக்கையில் பேக்கரியின் பழைய டேப்பை பிளேயர் கடித்துத் துப்பிவிட்டது. மற்ற இடமாக இருந்தால் டேப் போனால் பாட்டு போச்சு, அவ்வளவுதான். இங்கே டேப்தான் கடிகாரம். உருட்டி வைத்த பன், ஆவி அலமாரிக்குள் நாற்பத்தைந்து நிமிஷம் உப்ப வேண்டும். கை முழுக்க மாவு, கடிகாரக் கண்ணாடி முழுக்க மாவு. எவர் மணி பார்ப்பது? அலமாரிக் கதவைச் சாத்தும்போது டேப்பைத் தட்டிவிடுவார்கள். ஒரு பக்கம் முடிந்து, பட்டனே டக்கென்று மேலே எழும்பினால் பன்னை வெளியே எடுக்கலாம். ரேடியோ வைத்தால் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கும். கடையில் விற்கிற பாட்டு டேப் அரை மணியிலேயே முடிந்துவிடும்.

"நான் பதிஞ்சு எடுத்துட்டு வரேன்மா" என்றாள் பீப்பி அக்கா, முதலாளியம்மாவிடம்.

"ஐயோ, அந்தப் பீப்பியா!" என்று தலையில் கை வைத்தார் அடுப்புக்காரர். "வார்த்தையே இல்லாம அது என்ன பாட்டு? உப்பின பன்னும் பயந்து அமுங்கிடும்."

முதலாளியம்மா சிரித்துவிட்டார். "ஒரு நாள் போட்டுப் பாக்கலாம். ஒருத்தருக்குத் தலைவலி வந்தாலும் அன்னைக்கே எடுத்துடணும். சரியா?"

சரி என்று சொல்லிவிட்டாளே தவிர, உள்ளூரப் பயம்தான். இதையும் கேட்டு எல்லாரும் சிரித்துவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் ஹெட்போன்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கூடத்தில் இசைத்தட்டுகளைப் பரப்பி உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு உயிரான பத்து நிமிஷப் பாட்டுகளை முதலில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒதுக்கினாள். தனக்குப் பிடித்ததைத் திணித்தால் ஆள் ஓடிப்போவான், முதல் நிமிஷத்திலேயே கால் ஆட வேண்டும். பரீட்சைக்கு வீட்டுக்காரர் இருந்தார். அவர் எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அக்காவின் கண் அவர் பாதத்தில் இருந்தது. பாதம் ஆடினால் பாட்டு உள்ளே. ஆடாவிட்டால், எப்பேர்ப்பட்ட மேதை ஊதியிருந்தாலும் வெளியே.

"என்னடி, என் காலையே பாக்கற? புண்ணு கிண்ணு இருக்கா?"

"நீங்க பேப்பரப் படிங்க."

முதலில் கைதட்டலோடு தொடங்குகிற பாட்டு. அடுத்து கிடார் சண்டைக்கு வருவது. நடுவில் ஒன்று மெதுவாக, ஆளை உட்கார வைத்து மூச்சு வாங்க விடுவதற்கு. ஏழாவதாக, ஆர்கன் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்து, சாக்ஸபோன் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே போகும் ஆறு நிமிஷப் பாட்டு. அதற்கு வீட்டுக்காரரின் இரண்டு காலும் ஆடின. மொத்தம் ஒன்பது. நாற்பத்தைந்து நிமிஷத்துக்குள் அடக்க, மூன்று தடவை அழித்து மறுபடி பதிந்தாள். கடைசிப் பாட்டு முடிந்ததும் பட்டன் டக்கென்று எழும்பியபோது, "பாத்தீங்களா!" என்று கத்தியே விட்டாள்.

மறுநாள் மத்தியானம் பன் அலமாரிக்குள் போனது, டேப்பும் ஓடத் தொடங்கியது. அடுப்புக்காரர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். நாலாவது பாட்டு ஓடும்போது மாவு லாரி வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். போகவே மனசில்லை. ஆனால் மூட்டை எண்ண அவள்தான் போக வேண்டும்.

எண்ணி முடித்துத் திரும்பும்போதே ஏழாவது பாட்டு காதில் விழுந்தது. ஒரு வினாடி குளிர்ந்துபோனாள். அடுத்த வினாடி பகீரென்றது. எவ்வளவு நேரம் ஆகிவிட்டது, இந்நேரம் டேப்பே நின்றிருக்க வேண்டுமே! ஓடிப்போய் அலமாரியைத் திறந்தாள். அளவுக்கு மீறி உப்பிய பன்களெல்லாம் அவள் கண்ணெதிரே புஸ்ஸென்று அமுங்கின. நாலு டிரே. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை.

சத்தம் கேட்டு முதலாளியம்மா வந்துவிட்டார். "டேப் நீளம் தப்பா?"

"இல்லம்மா, நாற்பத்தஞ்சுதான், நான் அளந்து..." அக்கா டேப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அவ மேல தப்பில்லம்மா" என்றார் அடுப்புக்காரர். அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது. "நான்தான். அந்த ஒரு பாட்ட... ரிவைண்ட் பண்ணிக் கேட்டேன்."

"எத்தனை தடவை?"

"மூணு தடவைதான்."

டேப்பைப் பின்னால் ஓட்டினால் அலமாரிக்குள் இருக்கிற பன்னும் பின்னால் போகுமா? முப்பது வருஷம் அடுப்படியில் நின்ற மனுஷனுக்கு அது தோன்றவே இல்லை.

அந்த பேக்கரியில் ஒரு வழக்கம். சரக்கைக் கெடுத்தவர் தம் கையாலேயே வாசல் கரும்பலகையில் காரணத்தை எழுத வேண்டும். ஒரு வாரத்துக்கு யாரும் அழிக்கக் கூடாது. ஈஸ்ட் பழசு, கரண்ட் போச்சு, தூங்கிட்டேன் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். முதலாளியம்மா சாக்பீஸை நீட்டினார். அடுப்புக்காரர் பலகை முன்னால் நின்று, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

முதலாளியம்மா படித்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "டேப் இருக்கட்டும். அந்த ரிவைண்ட் பட்டனை மட்டும் யாராவது பிடுங்கிப் போடுங்க" என்றார்.

பீப்பி அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. நாலு டிரே போனதற்கு அழவேண்டியவள், வாயெல்லாம் பல்லாக நின்றாள். வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டதுமே ஓடிப்போய், வீட்டுக்காரரை இறங்கக்கூட விடாமல் கையைப் பிடித்து இழுத்துவந்து பலகை முன்னால் நிறுத்தினாள்.

"படிங்க."

அவர் படித்தார். "ம், படிச்சுட்டேன்."

"மனசுக்குள்ள இல்ல. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமாப் படிங்க."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நாலு டிரே பன். காரணம்: பாட்டு ரொம்ப நல்லா இருந்துச்சு."