மதிலுக்கு முன்னால் வந்த மழை

பஞ்சாயத்துக்கு வக்கீலாக இருப்பது இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குகிற தொழில்: கட்டட அனுமதி கிடைக்காதவர் கோர்ட் வாசலில் ஏசுவார், கிடைத்துவிட்டால் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் ஏசுவார். ஏதாவது ஒரு அனுமதிக்காகப் பஞ்சாயத்துப் படி ஏறி இறங்கிச் செருப்புத் தேய்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். நெய்யாற்றின்கரையில் எனக்கு வந்த ஒரே ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

குன்றுச் சரிவு

பெருங்கடவிளைப் பக்கம் ஒரு குன்றுச் சரிவில் நான்கு மாடி ஃபிளாட் கட்ட ஒரு பில்டர் மனு கொடுத்தார். குன்றின் அடியில் ஒரு ஓட்டு வீடு. ரப்பர் வெட்டப் போகும் ஞானதாஸும் அவர் மனைவி ரத்னபாயும் அங்கே இருந்தார்கள். மேலே மண்ணை வெட்டினால் அது நேரே அவர்களுடைய அடுக்களையில்தான் வந்து விழும்; மண் சரியாமல் தாங்க ஒரு மதில் கட்டாமல் வெட்டவிடக் கூடாது என்று ஞானதாஸ் பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்தார். தாங்குமதில் காட்டாத பிளானுக்கு அனுமதி கிடையாது என்று பஞ்சாயத்துச் செக்ரட்டரி மறுத்துவிட்டார்.

இடம் பார்க்க நானும் போயிருந்தேன். பில்டருக்குக் கோபமே வரவில்லை. எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "எத்தற குன்று வெட்டியாச்சு மேடம்! மண்ணு எங்களுக்க பேச்சக் கேக்குமாக்கும்."

காலி நாற்காலி

பில்டர் பிளானில் ஒரு மதிலை வரைந்து மறுபடி மனு கொடுத்தார். அந்தச் சமயம் பார்த்து செக்ரட்டரிக்கு மாற்றல் வந்தது. குறிப்பிட்ட நாளுக்குள் பஞ்சாயத்து பதில் சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம் என்பது சட்டம். புதிய ஆள் வருவதற்குள் அந்த நாள் கடந்துபோனது, பில்டர் தொடங்கிவிட்டார். மதில் காகிதத்தில் இருந்தது, ஜேசிபி குன்றில் இருந்தது.

புதிய செக்ரட்டரி எப்படி இதை விட்டீர்கள் என்று ஆபீஸில் சத்தம் போட்டார். ஹெட் கிளார்க் தலை நிமிராமலே பதில் சொன்னார்: "சாறே, நீங்க வந்து சேருதுக்கு முன்ன அனுமதி வந்து சேந்தாச்சு."

தடைக்குத் தடை

மதிலைக் கட்டிவிட்டு மண்ணை வெட்டு என்று புதிய செக்ரட்டரி வேலையை நிறுத்தி உத்தரவு போட்டார். பில்டர் திருவனந்தபுரத்தில் பஞ்சாயத்து வழக்குகளை விசாரிக்கும் ட்ரிப்யூனலுக்குப் போய் அந்த உத்தரவுக்கே தடை வாங்கினார். தடையை நீக்கக் கேட்டு நான் மனுப் போட்டேன். எதிர்த் தரப்பு அவகாசம் கேட்டது, கிடைத்தது. மறுபடி கேட்டது, மறுபடியும் கிடைத்தது. இதற்குள் ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்கிவிட்டது.

ஞானதாஸ் வீட்டுக்குப் போனேன். பின்சுவருக்கு அப்பால் பச்சை மண் செங்குத்தாக நின்றது. விரலால் தொட்டேன், உதிர்ந்தது. மழை விடும்வரை பொழியூரில் ரத்னபாயின் தங்கை வீட்டில் போய் இருங்கள் என்று கெஞ்சினேன். ரத்னபாய் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் சொன்னார்: "நாங்க எறங்கினா ஆளில்லாத வீடுன்னு கேஸில எழுதிப்போடுவினும். ஆள் உண்டுன்னு காட்டாண்டாமா? நான் இங்கதான் கெடப்பேன்."

சொசைட்டிக்குப் போன நேரம்

ரத்னபாய் பால் சொசைட்டிக்குப் போயிருந்தபோது குன்று இறங்கியது. நான் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்புக்காரர்கள் ஞானதாஸின் உடலை வெளியே எடுத்திருந்தார்கள். மண்ணை அள்ளியது பில்டரின் ஜேசிபிதான். பக்கத்தில் வேறு வண்டி இல்லை. ரத்னபாய் அழவில்லை. பால் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடியே நின்றாள். என்னைக் கண்டதும் கேட்டாள்: "இனி ஆள் உண்டுன்னு எப்பிடிக் காட்டுவேன் மக்கா?"

 

வாங்கியவர்

வேலை நின்றது. அந்த ஃபிளாட்டில் ஒரு வீட்டுக்குத் தன் சம்பாத்தியம் முழுவதையும் கொடுத்திருந்த ஒரு நர்ஸ், குவைத்திலிருந்து நிரந்தரமாகத் திரும்பியவர், என் ஆபீஸுக்கு வந்தார். வாடகை வீட்டில் இருக்கிறாராம். அவர்மேல் கோபப்பட நினைத்தேன்; அந்தக் கண்களைப் பார்த்ததும் முடியவில்லை. "மரிச்சவருக்கு வேண்டி டெய்லி ஜெபிக்கேன் மேடம். எனக்க வீடு கிட்டுமா, அத மட்டும் சொல்லுங்க."

உத்தரவு

ட்ரிப்யூனல் தீர்ப்புச் சொன்னது. பஞ்சாயத்து செய்தது சரி, தாங்குமதிலைக் கட்டி முடிக்காமல் பில்டர் ஒரு கல்லைக்கூட மேலே வைக்கக் கூடாது. பில்டர் மேல்முறையீடு செய்யவில்லை. கருங்கல்லில் உயரமாக, உறுதியாக, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி மதிலைக் கட்டினார். சரிபார்க்கப் போன நாளில் ரத்னபாயும் அங்கே வந்திருந்தாள். வீடு இருந்த இடத்தில் புல் முளைத்திருந்தது. கல்லின்மேல் உள்ளங்கையை வைத்தபடி, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "நல்ல மதிலாக்கும். இதத்தான் அவரு கேட்டாரு."

பஞ்சாயத்தின் பதிவேட்டில் இது நாங்கள் ஜெயித்த வழக்கு. தோற்றிருந்தால் இதைவிட மோசமாக என்ன நடந்திருக்கும் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.