அசையாத சுவரில் நாலாயிரத்து எழுநூறு

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். அதுவும் நட்டநடு ராத்திரியில் நாய் ஊளையிடும்போது நடக்கவில்லை. பட்டப்பகலில், மத்தியானம் இரண்டு மணிக்கு மேல், ஏசி ஓடும் ஓர் அறையில் நடந்தது. பேய் என்றால் வெள்ளைச் சேலையும் கொலுசுச் சத்தமும் என்று நம்புகிறவர்களைப் பார்த்து அன்றைக்கு வரை நானும் சிரித்தவன்தான்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் கேம் விளையாடுவதை இன்டர்நெட்டில் லைவாகக் காட்டுகிறார்களே, அவர்களுடைய படத்தைத் தெளிவாக்கித் தருவது என் வேலை. படம் கட்டம் கட்டமாக உடைகிறது, திக்குகிறது, உதடு ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம் போகிறது என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். ‘டாக்டர்’ என்றுதான் அழைப்பார்கள். நோயாளிகளைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விமானி உட்காரும் நாற்காலி மாதிரி ஒன்று வாங்கிப் போட்டிருப்பார்கள். முழங்கை நீளத்துக்கு ஒரு மைக். சுவர் முழுக்கக் கலர் விளக்கு. இன்டர்நெட் மட்டும் மூன்று அறை தாண்டி வைஃபையில் நொண்டிக்கொண்டு வரும். இத்தனை ஆர்ப்பாட்டத்தையும் பார்க்கிறவர்கள் மொத்தம் பதினோரு பேர். அதில் ஒருவர் கூடப்பிறந்தவர். இரண்டு பேர் வேறு வேறு பெயரில் விளையாடுகிறவனேதான்.

அன்றைக்கு என்னைக் கூப்பிட்ட ஆள் தனக்கு ‘சூறாவளி’ என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தான். எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கவே அரை மணி நேரம் யோசிக்கிற சூறாவளி.

நான் போனபோது மணி 2:10. அவனுடைய அக்கா கதவைத் திறந்தாள். லேபில் வேலை. ஷிஃப்டுக்குக் கிளம்பி, தோளில் பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

“எப்படியாவது சரி பண்ணிக் குடுத்துருங்க.”

“பண்ணிரலாம்.”

“இன்னைக்கு ஒரு நாள்தான்னு சொல்லிட்டேன். இதுவும் போச்சுன்னா நாளைக்குக் காலைல அவன் மாமாவோட குடோனுக்கு வேலைக்குப் போயிரணும்.”

அன்று சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை அவனுக்கு ஒரு தேர்வு. ஒரு கேம் கம்பெனி இருபது பேரை லைவில் விளையாடவிட்டு, இரண்டு பேரை மட்டும் வேலைக்கு எடுக்கிறது. நிபந்தனைகள் இரண்டு. விளையாடும்போது அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. முகத்துக்கு நேராக இருக்கும் கேமராவின் பதிவை, வெட்டாமல் ஒட்டாமல், தேர்வு முடிந்ததும் தனியாக அனுப்பிவைக்க வேண்டும்.

“நல்லா வந்துரும்ல அண்ணா?” என்றான் சூறாவளி. கண்ணில் அப்படி ஒரு நம்பிக்கை. எனக்கு எரிச்சலாக இருந்தது.

“படம் வந்துரும். ஆட்டம் உன் பாடு.”

இன்டர்நெட் வயரை இழுத்து நேராக கம்ப்யூட்டரில் சொருகினேன். இவன் அனுப்ப நினைத்த படத்தின் அளவுக்கு, இருக்கிற இன்டர்நெட் பாதிகூடப் போதாது. அளவைக் குறைத்தேன். படத்தைச் சுருக்குகிற வேலையை கிராபிக்ஸ் கார்டின் தலையில் கட்டினேன். 2:40க்கெல்லாம் கேம் வெண்ணெய் மாதிரி ஓடியது. இருபது நிமிட வேலை. இதற்கு இந்தப் புண்ணியவான் ஆறு மாதம் அழுதிருக்கிறான்.

அடுத்து கேமரா.

இங்கே ஒரு விஷயம் புரிந்தால்தான் மற்றது புரியும். லைவ் மென்பொருள் மகா கஞ்சன். படத்தில் அசையாமல் இருப்பதை மறுபடி மறுபடி அனுப்பாது. அசைவதை மட்டும் அனுப்பும். சுவரை மட்டும் காட்டினால் அனுப்பும் அளவு முந்நூறுக்குள் நிற்கும். ஆள் எழுந்து ஆடினால் ஐயாயிரத்துக்கு எகிறும். அந்த எண்ணுக்கு பிட்ரேட் என்று பெயர். திரையின் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்.

சூறாவளியை ஹாலுக்கு அனுப்பினேன். கேமை மூடினேன். கேமராவில் காலி நாற்காலி, பின்னால் வெறும் சுவர், வலது மூலையில் மூடிய பீரோ. அவ்வளவுதான். ஃபேனையும் நிறுத்தியாகிவிட்டது. நான் கேமராவில் படாமல் ஓரமாக நின்றுகொண்டேன்.

முந்நூறு காட்ட வேண்டும்.

4,700 காட்டியது.

இருட்டான மூலை என்றால் கேமரா தானாகப் புள்ளிப் புள்ளியாகக் கொதிக்கும். மென்பொருள் அதை அசைவு என்று நினைத்துவிடும். எல்லா வீட்டிலும் இருக்கிற கோளாறுதான். அவன் வாங்கிவைத்த கலர் விளக்குகளை அணைத்துவிட்டு, வெள்ளை விளக்கு இரண்டைப் பீரோ பக்கம் திருப்பினேன். அறை ஆபரேஷன் தியேட்டர் மாதிரி பளிச்சென்று ஆனது.

5,100.

கேமராவை மாற்றினேன். வயரை மாற்றினேன். என் போனையே கேமராவாக வைத்துப் பார்த்தேன். எண் இறங்கவில்லை.

மணி 3:05. படத்தை நடுவில் இரண்டாக வெட்டினேன். இடது பாதி மட்டும்: 260. வலது பாதி மட்டும்: 4,800. வலது பாதியை மறுபடி இரண்டாக வெட்டினேன். இப்படியே வெட்டிக்கொண்டு போனால் கோளாறு எந்த இடத்தில் என்று பிடித்துவிடலாம். எத்தனையோ வீட்டில் இப்படித்தான் ஆடும் திரைச்சீலையை, மின்னும் பொம்மையைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

கடைசியில் படத்தில் ஒரு பெட்டி அளவு மட்டும் மிச்சமானது. பீரோவுக்கு முன்னால். குறுகலாக, நெட்டையாக. தரையிலிருந்து ஓர் ஆள் உயரம்.

அந்தப் பெட்டிக்குள் 4,700. அதற்கு வெளியே, அறை மொத்தத்துக்கும் 200.

பீரோவைத் திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. போய் அந்த இடத்தில் கையை வீசினேன். வெறும் காற்று. திரையில் என் கை தெரிந்தது... கூட வேறு எதுவும் தெரியவில்லை.

“சூறாவளி!”

“என்ன அண்ணா?” ஹாலிலிருந்து குரல் வந்தது.

“இந்தப் பீரோல என்ன இருக்கு?”

“பழைய துணி.”

அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மெஷின் பொய் சொல்லாது, நீதான் உளறுகிறாய் என்று வந்ததும் வராததுமாக அவனை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தேன். இப்போது மெஷின் எதையோ பார்க்கிறது, என் கண்ணுக்குத் தெரியவில்லை என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் இவனிடம்?

திரும்பி வந்து, அந்தக் காலி நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தேன். 3:18.

பெட்டிக்குள் 190.

சரியாகிவிட்டது என்று நினைத்தேன். முழுப் படத்தையும் போட்டேன். 4,900. மறுபடி வெட்டினேன். அதே குறுகல், அதே உயரம். இடம் மட்டும் வேறு.

அறைக்கு நடுவில்.

3:22. நாற்காலிக்கு இரண்டடி தள்ளி.

3:24. ஓரடி.

அந்த நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஹெட்போனை எடுத்து மாட்டினேன். ஏன் மாட்டினேன்... தெரியவில்லை. கை தானாகச் செய்தது. மைக்கின் பச்சைக் கோடு லேசாகத் துள்ளியது.

காதுக்குள்...

“ச்ச்.”

யாரோ அலுத்துக்கொள்ளும் சத்தம். மிக அருகில்.

3:26.

பிடரி சில்லிட்டது.

திரும்பவில்லை.

திரும்ப முடியவில்லை.

எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது... ஆறாயிரம்... ஏழாயிரம்...

சட்டென்று 210.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கே வெட்டினாலும், எப்படி வெட்டினாலும் 210. அறை சுத்தமாக இருந்தது. எனக்கு மட்டும் தோள் கனத்தது.

நல்ல மனுஷனாக இருந்தால் அந்தப் பையனைக் கையோடு கூட்டிக்கொண்டு வேறு எங்காவது போய் விளையாட வைத்திருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? காலி அறையை ஒரு போட்டோ எடுத்தேன். லைவில் சூறாவளியை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டி, அவனுக்குப் பின்னால் அந்த அசையாத போட்டோவைப் போட்டுவைத்தேன். இனி பின்னால் எது அசைந்தாலும் லைவில் வராது. படம் உடையாது. சாமர்த்தியம்! தொழிலில் இருபது தடவை செய்த வித்தைதான்.

“வயர்ல பிரச்சினை. சரி பண்ணியாச்சு.”

“ரொம்ப தேங்க்ஸ் அண்ணா. நீங்க இல்லன்னா...”

“சரி சரி, விடு.”

3:45க்கு வெளியே வந்தேன். நாலேகாலுக்கு என் கடையில் இருந்தேன்.

ஆறு மணிக்கு அவனுடைய லைவைப் போட்டேன். பக்கத்தில் இரண்டு வாடிக்கையாளர்கள், மைக் வாங்க வந்தவர்கள், கூட நின்று பார்த்தார்கள். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு பிரேம்கூடத் தவறவில்லை. அவன் ஆட்டம்தான் பார்க்கச் சகிக்கவில்லை. முதல் பத்து நிமிடம் சுமாராக ஆடினான். பிறகு கை தடுமாறியது. முகம் வெளுத்தது. அடிக்கடி கண்ணைத் துடைத்துக்கொண்டான். பயம் வந்துவிட்டது, பயந்தாங்கொள்ளி, என்று நினைத்துக்கொண்டேன். ஏழு மணிக்கு முடிந்ததும் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் நாள் காலை 11:15. சூறாவளி கடைக்குள் வந்தான். சட்டையெல்லாம் குடோன் தூசி.

“தேர்வுல இருந்து என்னைத் தூக்கிட்டாங்க அண்ணா.”

“ஆட்டத்தைப் பாத்தேன். அப்பவே தெரியும்.”

“அதுக்கு இல்ல. கூட ஆள் இருந்தாங்கன்னு.”

போனை என் முன்னால் வைத்தான். கம்பெனியிலிருந்து வந்த கடிதம். கூடவே ஒரு படம். அவன் தனியாக அனுப்பிய கேமராப் பதிவிலிருந்து எடுத்தது. ஓரத்தில் நேரம் இருந்தது. 6:22.

நாற்காலியில் சூறாவளி. கண் கலங்கியிருக்கிறது. அவனுக்குப் பின்னால் ஒருவர் குனிந்து, அவன் காதருகில் வாயை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

நான்.

என் முகம். என் மூக்குக்கண்ணாடி. உதட்டோரத்தில் ஓர் இளக்காரச் சிரிப்பு... கண்ணாடியில் எத்தனையோ தடவை பார்த்த சிரிப்புதான்.

“டேய்... இது நான் இல்ல. நான் அப்பக் கடைல இருந்தேன்டா. ரெண்டு பேர் சாட்சி.”

அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான்.

“என்ன அண்ணா இப்படிச் சொல்றீங்க? அஞ்சே முக்காலுக்குத் திரும்ப வந்தீங்களே. ‘ஆள் இருக்கக் கூடாதே’ன்னு நானே கேட்டேன். ‘பின்னால போட்டோ போட்டிருக்கேன், லைவ்ல தெரிய மாட்டேன்’னீங்க. கேமராப் பதிவு தனியாப் போகுதுங்கறதை நானும் மறந்துட்டேன். நீங்களும் மறந்துட்டீங்க.”

நான் போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

“அது பரவால்ல அண்ணா. என் நேரம். ஆனா ஒரு மணி நேரமும் காதுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்தீங்களே. திரும்பிப் பாக்கவும் விடல. நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?”

“என்னன்னு... என்னன்னு திட்டினேன்?”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

“‘இந்த மூஞ்சிக்கு எதுக்குடா இவ்வளவு தெளிவு’ன்னீங்க. திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னீங்க.”

போனை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்றைக்குக் கடையில் நான் வாயே திறக்கவில்லை. அந்த இரண்டு பேரையும் தேடிப்பிடித்துக் கேட்டுவிட்டேன். நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள்.

ஆனால் அவன் சொன்ன அந்த வார்த்தைகளை, திரையைப் பார்த்தபடி, மனதுக்குள் நான் நினைத்தேன்.

ஒரு தடவை அல்ல. ஒரு மணி நேரமும்.