கை தெரிந்தது, ஆள் தெரியவில்லை

நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனாலும் சொல்கிறேன், திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்களில் என் கண்ணுக்கு ஈடு எவனுக்கும் கிடையாது. புளியமர நிழலில் நிற்கிறவன் இடுப்பிலிருந்து கையை எடுக்கும்போதே கண்டுபிடித்துவிடுவேன். அந்தக் கை மேலே வருவதற்குள் என் வண்டி இடதுபக்கம் ஒதுங்கியிருக்கும். பின்னால் வருகிற ஆட்டோக்காரன் ஹாரன் அடித்து வயிறெரிவான். இப்படிப் பிடித்த சவாரியில்தான் மாடி வீடு கட்டினேன்.

போன தடவை கடலை பிடுங்குகிற சமயம் அந்தக் கண்தான் என்னைக் கவிழ்த்தது.

ரோட்டின் இடது பாதியை அடைத்து வேர்க்கடலை காயப்போட்டிருந்தார்கள். அதற்கு அப்பால் ஒரு பொம்பளை கையைத் தூக்கினாள். சவாரி என்று நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, நினைக்கவே இல்லை. கை தெரிந்தது, ஹேண்டில் தானாக இடதுபக்கம் திரும்பிவிட்டது. அவள் இன்னொரு கையையும் தூக்கி ஆட்டினாள். ஏதோ அவசரம் போல என்று இன்னும் வேகமாகப் போனேன்.

கடலைக்கு நடுவே அவள் புருஷன் குந்தி உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தான். சட்டையும் கடலை நிறம். தூரத்துக் கையைப் பிடித்த என் கண்ணுக்கு, முன்னால் இருந்த ஆள் தெரியவில்லை.

அவனாகவே உருண்டு தப்பினான். அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் என் சக்கரம் நின்றது. அவன் முழங்கையெல்லாம் ரத்தம்.

"கண்ணு இன்னா பொடனியிலயா கீது? வராதன்னுதானய்யா கை காட்னேன்!" என்று கத்தினாள்.

"ஏத்திக்கச் சொல்றியோன்னு நெனச்சேம்மா" என்றேன். வண்டியில் இருந்தவர்களில் ரெண்டு பேர் அங்கேயே இறங்கிக்கொண்டார்கள்.

அதிலிருந்து கை தெரிந்தால் கால் பிரேக்குக்குப் போவதோடு சரி, ஹேண்டில் திரும்பமாட்டேன் என்கிறது. முதலில் தரையில் எவனாவது உட்கார்ந்திருக்கிறானா என்று தேடுகிறேன், பிறகுதான் கை காட்டுகிற ஆளை. அதற்குள் தாண்டிவிடுகிறேன். "கண்ணாஸ்பத்திரிக்குப் போ அண்ணாத்த" என்று ஸ்டாண்டில் கிண்டல். போனேன். கண்ணில் ஒரு குறையும் இல்லையாம். அதுதான் என்னை அரிக்கிறது.

முந்தாநாள் காலையில் அதே இடம். புருஷனும் பெண்டாட்டியும் பையோடு நின்றார்கள். அவள் கை தூக்கினாள். தள்ளிப் போய்த்தான் நிறுத்த முடிந்தது.

"ஓரங்கட்றதுக்கு இன்னா கேடு உனக்கு?" என்று சிரித்துக்கொண்டே நடந்து வந்து ஏறினாள். திரும்பிப் பார்த்து, "நீயும் வாய்யா" என்றாள்.

அவன் முழங்கையைத் தடவியபடி நின்ற இடத்திலேயே நின்றான்.

"நீ போ. நான் பஸ்ஸுல வரேன்."

அந்த வழியில் அடுத்த பஸ் மத்தியானம்தான். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.